மாட்யூலை எதில் மாட்டுவது: பக்கத்து மாட்யூலிலா, நூலிலா?

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் டிசைன் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூட்டை ஏற்றும் கன்வேயர், மொத்தம் 24 மீட்டர். மூன்று மீட்டர் நீளத்தில் எட்டு மாட்யூல். முதல் நான்கு மட்டமாக ஓடுகின்றன, அடுத்த நான்கு ஏற்றத்தில். ஒவ்வொன்றும் தனி சப்-அசெம்ப்ளி. கம்ப்யூட்டரில் 3டி-யாக வரையும் கேட் சாஃப்ட்வேரில், மெயின் அசெம்ப்ளிக்குள் முதல் மாட்யூலை நகராதபடி ஃபிக்ஸ் செய்து, இரண்டாவதை முதலாவதன் ஃபிளாஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் முனைத் தகடு) மேட் செய்து (எது எதோடு எப்படிச் சேர்ந்து நிற்க வேண்டும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் கட்டுதான் மேட்), மூன்றாவதை இரண்டாவதோடு, இப்படியே எட்டு வரை கோத்திருக்கிறார். மூன்றாவது மாட்யூலில் மெட்டல் டிடெக்டர் வர வேண்டும், 150 மி.மீ. கூட்டிக் கொடுங்கள் என்று பார்ட்டி சொல்ல, கூட்டியிருக்கிறார். பாதி மேட் சிவப்பு, அதாவது பிழை. ஏற்றப் பகுதி தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. "மேட்டே போடாமல் எக்ஸ், ஒய், இசட் அடித்து வைத்துவிடலாமா சார்? இல்லை, சாஃப்ட்வேரை மாற்ற வேண்டுமா?"

முதலில் ஒன்று, தம்பி. சிவப்பானது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு ஒரு முறை எல்லாமே பச்சையாக இருந்தது.

புதுச்சேரியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். இதே மாதிரி ஒரு கன்வேயர், ஆறு மாட்யூல், இதே மாதிரி சங்கிலி மேட்டிங். நடுவில் டிரைவ் மாட்யூலை 150 நீட்டினேன். ஒரு மேட் கூட உடையவில்லை. பின்னால் இருந்த மூன்று மாட்யூலும், அவற்றோடு கடைசி ஹாப்பரும் சமர்த்தாக 150 தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டன. டிராயிங் தானாக அப்டேட் ஆனது. நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சைட்டில் ஃபவுண்டேஷன் போல்ட் எல்லாம் பழைய டிராயிங்படி கான்கிரீட்டில் ஏற்கனவே இறங்கியிருந்தது.

ஃபிட்டர் அண்ணன் திட்டவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நைலான் நூல் கட்டி, அதில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ஒவ்வொரு பேஸ் பிளேட்டுக்கும் சாக்பீஸில் குறி போட்டு வைத்திருந்தார். குறிக்கும் போல்ட்டுக்கும் நடுவே டேப்பை வைத்து என்னிடம் காட்டினார். 150. அப்புறம் கேட்டார்: "நாங்க நூல் கட்டிட்டுத்தான் எதையும் தூக்கி வைப்போம். உங்க டிராயிங்ல நூல் எங்க சார் இருக்கு?"

இல்லை. அதுதான் உங்கள் ஃபைலிலும் இல்லாதது. மாட்யூலைப் பக்கத்து மாட்யூலின் தோலில் ஒட்டவைக்கிறோம். அதன் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது பக்கத்து மாட்யூல் அல்ல, இருவருக்கும் பொதுவான ஒரு நூல்.

சாஃப்ட்வேர் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ் மூன்றிலும் மேட்டைக் கணக்குப் போட்டுத் தீர்ப்பது டி-கியூப்ட் என்ற ஒரே குடும்பத்து சால்வர்தான். கேம்பிரிட்ஜில் பிறந்தது, இப்போது சீமென்ஸ் கையில் இருக்கிறது. கடையை மாற்றினாலும் உள்ளே சமையல்காரர் அவரேதான். லைசென்ஸ் காசு கட்டுப்படியாகவில்லை என்பதற்காக மாற்றுவதாக இருந்தால் அது வேறு பேச்சு. 2024 நவம்பரில் வந்த, காசில்லாத ஃப்ரீகேட் 1.0-வில் அசெம்ப்ளி வொர்க்பெஞ்ச் உள்ளேயே சேர்ந்து வருகிறது, சின்ன யூனிட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் சங்கிலி மேட்டிங் அதிலும் இப்படித்தான் உடையும்.

இனி எக்ஸ், ஒய், இசட் அடித்து வைப்பது. முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், இடத்துக்கு அது சரிதான். திருப்பத்துக்குத்தான் ஆகாது. ஒரு தீப்பெட்டியை எடுத்து, லேபிள் மேலே பார்க்க, நீளப் பக்கம் இடமிருந்து வலமாக இருக்கும்படி மேசையில் வையுங்கள். மேசையிலேயே அதைக் கால்வட்டம் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இப்போது நீளம் உங்களிடமிருந்து விலகிப் போகிறது. அடுத்து, தூரத்து முனையைத் தூக்கி லேபிள் உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பெட்டி நட்டமாக நிற்கிறது. சரி, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை முதலில் தூரத்து ஓரத்தைத் தூக்கி லேபிளை உங்கள் பக்கம் திருப்புங்கள், அப்புறம் மேசைமேல் கால்வட்டம் இடஞ்சுழி. பெட்டி நிற்கவில்லை, விலாவில் படுத்திருக்கிறது, லேபிள் வலப்பக்கம் பார்க்கிறது. அதே இரண்டு 90 டிகிரிதான், வரிசை மட்டும் மாறியது. நீங்கள் மூன்று கட்டத்தில் மூன்று கோணம் அடித்தால், சாஃப்ட்வேர் எந்த வரிசையில் திருப்புகிறது என்பது தெரிந்தாக வேண்டும். அது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. மட்டமான நான்கு மாட்யூலுக்குப் பிரச்சினை வராது, ஏற்றத்தில் வந்துவிடும். அதோடு அடித்த எண் வெறும் எண்தான். ஏன் 14,820 என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

எனவே நூல் கட்டுவோம். ஸ்கெலிட்டன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடுகிற வேலை. மெயின் அசெம்ப்ளியில் முதல் ஆளாக, இரும்பே இல்லாத ஒரு பார்ட் போகட்டும். உள்ளே பக்கவாட்டுப் பார்வையில் ஒரே ஒரு ஸ்கெட்ச். தரை மட்டம் ஒரு கோடு. பெல்ட்டின் மேல்பரப்பு ஒரு கோடு, 12 மீட்டர் மட்டமாகப் போய் அங்கிருந்து 12 மீட்டர் சரிவாக ஏறட்டும். அந்தக் கோட்டில் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு மாட்யூலும் தொடங்கும் புள்ளியில் ஒரு கோஆர்டினேட் சிஸ்டம் (ஒரு பூஜ்யப் புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் மூன்று அச்சும்), இவைதான் ஸ்டேஷன்கள், பெயர் எஸ்-1 முதல் எஸ்-8 வரை. எக்ஸ் மூட்டை போகும் திசை, இசட் பெல்ட்டுக்குச் செங்குத்து. எட்டிலும் இதே வழக்கம், ஒன்றில் கூட மாறக்கூடாது.

இந்த ஸ்கெட்ச்சில் எந்த அளவை நீங்கள் அடிப்பது, எது தானாக வரவேண்டும் என்பதில்தான் டிசைனரின் மூளை வேலை செய்ய வேண்டும். ஏற்றத்துக்கு 10 டிகிரி என்று கோணம் அடிக்க எல்லோருக்கும் கை போகும். அடித்தால் 12 மீட்டரில் உயரம் 2083.8 மி.மீ. வரும். பார்ட்டிக்கு வேண்டியது 10 டிகிரியா, 2100 உயரமா? லாரி நிற்கும் இடத்தில் உயரம்தான் மாறாதது. அப்போது 2100 என்று அடித்துவிட்டுக் கோணத்தைத் தானாக வர விடுங்கள், 10.08 என்று வரும். அது அழகான எண் இல்லை என்று கவலைப்படாதீர்கள், ஃபிட்டர் கோணம் பார்க்கப் போவதில்லை, உயரம்தான் பார்ப்பார். ஆங்கிள் மேட்டுக்கும் இதையே சொல்வேன்: மாட்யூல்களை ஆங்கிள் மேட்டால் சாய்க்காதீர்கள். 10 டிகிரி மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், சால்வருக்கு இரண்டும் விடைதான். உங்கள் ஏற்றப் பகுதி குப்புற விழுந்தது பெரும்பாலும் அதனால்தான். 0.1 டிகிரி பிசகினால் கூட 12 மீட்டர் தள்ளி 21 மி.மீ. போய்விடும்.

அடுத்தது மாட்யூலின் சொந்தப் பூஜ்யம். எனக்குக் கேட்டால், இந்த வேலையிலேயே கவனம் வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான சப்-அசெம்ப்ளியில் பூஜ்யம் எங்கே இருக்கிறதென்று பாருங்கள்: முதலில் வரைந்த சேனலின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அந்த சேனலை 100-லிருந்து 125-ஆக மாற்றினால் மாட்யூலே நகரும். பூஜ்யம் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கன்வேயருக்கு அது மூட்டை உட்காரும் பரப்பு. பெல்ட்டின் மேல்பரப்பும், அகலத்தின் நடுக்கோடும், மாட்யூல் தொடங்கும் ஸ்டேஷன் தளமும் சந்திக்கும் புள்ளி. பேஸ் பிளேட்டின் அடியில் வைக்காதீர்கள். தரை எந்த சைட்டிலும் சொன்ன மட்டத்தில் இருந்ததில்லை.

கால்களை நான் மாட்யூலோடு சேர்ப்பதே இல்லை. தனி சப்-அசெம்ப்ளி. தலை பெல்ட் கோட்டிலிருந்து தொங்கும், அடி தரைக் கோட்டைத் தொடும், நடுவில் 50 மி.மீ. ஏற்றி இறக்கும் லெவலிங் போல்ட். டியூப் லெவல் பிடித்துத் தரை அளவு வந்த பிறகு ஸ்கெலிட்டனில் அந்த ஒரு கோட்டை மாற்றினால் போதும்.

மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் கம்பெனி வெப்சைட்டிலிருந்து ஸ்டெப் ஃபைலாக (கேட் சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான 3டி ஃபைல்) வரும். அவற்றின் பூஜ்யம் அவர்கள் இஷ்டத்துக்கு இருக்கும், சிலது காற்றில் நிற்கும். அதை அப்படியே மாட்டாமல், ஷாஃப்ட் நடுக்கோட்டில் உங்கள் கோஆர்டினேட் ஒன்றை வைத்து ஒரு உறை சப்-அசெம்ப்ளிக்குள் போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு கம்பெனி கியர்பாக்ஸ் வந்தால் உறைக்குள் மட்டும் மாறும்.

இப்போது மாட்டுவது நிமிட வேலை. மாட்யூலின் பூஜ்யமும் ஸ்டேஷன் எஸ்-3-உம் ஒன்றாகட்டும், அவ்வளவுதான். சாலிட்வொர்க்ஸில் இரண்டு கோஆர்டினேட் சிஸ்டத்துக்கும் கோயின்சிடென்ட் கொடுத்து, அச்சுகளை ஒன்றவைக்கும் அலைன் ஆக்சிஸ் டிக்கையும் போடுங்கள். கிரியோவில் கோஆர்டினேட் சிஸ்டம் என்றே ஒரு கட்டு உண்டு. ஃப்ரீகேடில் பழைய அசெம்ப்ளி4 முழுக்க இந்த முறைதான், அதில் சால்வரே கிடையாது. எட்டு மாட்யூலுக்கு எட்டு மேட். ஒன்றை நீக்கினாலும் மற்ற ஏழும் அசையாது.

கணக்குத் தெரிந்துகொண்டால் உங்கள் சிவப்பும் புரியும். ஒரு திடப்பொருளுக்கு அசைவு ஆறு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் திரும்பலாம். டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்று டிப்ளமோவிலேயே படித்திருப்பீர்கள். தட்டை முகத்தோடு தட்டை முகம் சேர்த்தால் மூன்று போய்விடும். துளையோடு துளை கான்சென்ட்ரிக் (இரண்டின் நடுக்கோடும் ஒன்று) போட்டால் நான்கு போகும். ஃபிளாஞ்ச் முகமும் ஒரு துளையும் சேர்த்தால் ஏழு ஆயிற்றே? ஆகாது, இரண்டு திரும்பல்கள் இரண்டிலும் பொதுவாக வருகின்றன. போனது ஐந்து, மீதி ஒன்று, அந்தத் துளையைச் சுற்றிச் சுழல்வது. அதற்கு ஒரு பேரலல் போட்டால் முடிந்தது. நாமோ அங்கே நிற்காமல் இரண்டாவது போல்ட் துளைக்கும் கான்சென்ட்ரிக், மூன்றாவதுக்கும், நான்காவதுக்கும் என்று போய்க்கொண்டே இருப்போம். அளவு எல்லாம் துல்லியமாக ஒத்துப்போகும் வரை சால்வர் கண்டுகொள்ளாது. ஒரு ஃபிளாஞ்சில் துளை இடைவெளி 0.01 மாறட்டும், உடனே முரண். நிஜத்தில் இரண்டு லொகேட்டிங் பின் வைக்கும்போது ஒரு துளையை வட்டமாகவும் மற்றதை நீளமாகவும் போடுகிறோமே, அதே காரணம்தான். இரும்பு இடம் தராததை சாஃப்ட்வேரும் தராது.

முகத்தைப் பிடித்து மேட் போடுவதில் இன்னொரு வில்லங்கம். நேரு வீதியில் ஒரு கட்டடத்துக்கு வழி சொல்லும்போது "ஜூஸ் கடைக்குப் பக்கத்தில்" என்கிறோம். அடுத்த வருடம் ஜூஸ் கடை செல்போன் கடை ஆகிவிடும், வருகிறவர் சுற்றிக்கொண்டிருப்பார். காந்தி சிலையிலிருந்து சொல்லியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சாஃப்ட்வேருக்கும் முகம் என்றால் உள்ளே ஒரு எண். ஃபிளாஞ்சில் ஒரு நாட்ச் வெட்டினால் அந்த எண்ணிக்கை கலைந்து, நீங்கள் பிடித்திருந்த முகம் வேறு பெயருக்குப் போய்விடலாம். ஃப்ரீகேட் ஆட்களை இது வருடக்கணக்கில் படுத்தியது, 1.0-வில் பெருமளவு தணித்திருக்கிறார்கள். தளமும் கோஆர்டினேட் சிஸ்டமும் நாட்ச் வெட்டினால் மாறாது.

முகத்தோடு முகம் ஒட்டினால் இடைவெளி பூஜ்யம் என்பதையும் யோசியுங்கள். வெல்டிங் வேலைக்கான ஐஎஸ்ஓ 13920-இல் பி வகுப்பு எடுத்தால், 2000-க்கு மேல் 4000 வரை நீளத்துக்கு ±6 மி.மீ. அனுமதி. எட்டும் கூடிய பக்கமே வந்தால் கன்வேயர் 48 மி.மீ. நீண்டுவிடும். ஒரு நாளும் அப்படி வராது என்பீர்கள், பாதி வந்தாலே ஆங்கர் போல்ட்டில் உட்காராது. அதனால் ஸ்டேஷன் 3000 தள்ளி இருக்கட்டும், மாட்யூலை 2990 ஆகச் செய்யுங்கள், பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உட்காரும்படி. ±6 இரண்டு முனைக்கும் பாதிப்பாதியாகப் பிரிந்தால் பக்கத்து மாட்யூலோடு இடைவெளி 4-லிருந்து 16-க்குள் நிற்கும், இடிக்கவே இடிக்காது. நீள் துளை போட்ட ஸ்ப்ளைஸ் பிளேட் அதை இணைத்துவிடும். பிசகு அந்தந்த மாட்யூலோடு தீர்ந்துவிடும், அடுத்ததற்குப் போகாது. இது ஸ்கிரீனில் தெரியாத லாபம், எரெக்ஷனில் தெரியும்.

சங்கிலி எப்போதும் தப்பா என்றால், இல்லை. நெய்வேலியில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மண்ணை வெட்டிக்கொண்டு முன்னே போகப் போக, பெஞ்ச் கன்வேயரையும் பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். அந்த மாதிரி நகர்த்தும் கன்வேயரில் ஃபிரேம்கள் தரையில் போல்ட் போட்டு நிற்பதில்லை. பக்கத்து ஃபிரேமைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் நிற்கிறது, வரிசை முழுக்க வளைந்துகூட நகரும். அங்கே டிராயிங்கிலும் சங்கிலியே உண்மை. அதேபோல மாட்யூலுக்கு உள்ளே, ஷாஃப்ட்டில் பேரிங், பேரிங்கில் ஹவுசிங், துளையில் போல்ட் என்று எது எதைத் தொட்டு நிற்கிறதோ அதோடுதான் மேட் போட வேண்டும். அங்கே போய் ஸ்கெலிட்டன் கட்டினால் வீண் வேலை.

டேக்-அப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ட் டென்ஷன் ஏற்றும் ஸ்குரூ நகர வேண்டுமே, ஆனால் மெயின் அசெம்ப்ளியில் சப்-அசெம்ப்ளி ஒரே கட்டியாக இருக்கிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த ஒரு மாட்யூலை மட்டும் ஃப்ளெக்சிபிள் ஆக்குங்கள், உள்ளே இருப்பது நகரும். எட்டையும் ஆக்கினால் சால்வர் எல்லா மேட்டையும் மேலே இழுத்துவந்து கணக்குப் போடும், ரீபில்ட் (எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடுவது) கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஸ்கெலிட்டனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தகவல் அதிலிருந்து மாட்யூலுக்கு இறங்கலாம், மாட்யூலிலிருந்து ஏறக்கூடாது, மாட்யூலிலிருந்து மாட்யூலுக்குப் பாயவே கூடாது. மெட்டல் டிடெக்டருக்கு 150 வேண்டுமென்றால் ஆள் உட்கார்ந்து யோசித்து ஸ்கெலிட்டனில் கையால் அடிக்க வேண்டும்: எஸ்-4 முதல் எஸ்-8 வரை தள்ளுவதா, இல்லை மூன்றாவதை நீட்டி நான்காவதைக் குறைத்து மற்றதை அசையாமல் வைப்பதா? ஃபவுண்டேஷன் போட்டாயிற்று என்றால் இரண்டாவதுதான். சங்கிலி மேட்டிங் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காமலே முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நான் அன்று தோற்றது அங்கேதான். அந்த ஃபைலை எடிட் செய்யும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இருக்கும் ஃபைலை எறிய வேண்டாம். காப்பி எடுத்து, மெட்டல் டிடெக்டருக்கு முந்தைய வெர்ஷனைத் திறந்து, எட்டு மாட்யூலையும் இருந்த இடத்திலேயே ஃபிக்ஸ் செய்யுங்கள். மாட்யூல்களுக்கு இடையிலான மேட்டை எல்லாம் அழியுங்கள். முதல் மாட்யூலின் ஒரு மூலையிலிருந்து எட்டாவதன் எதிர் மூலைக்கு அளந்து எழுதி வையுங்கள். ஸ்கெலிட்டனை முதலில் நுழைத்து அசெம்ப்ளி ஆரிஜினிலேயே உட்கார வையுங்கள், சாலிட்வொர்க்ஸில் ஸ்கிரீனில் கிளிக் செய்யாமல் பச்சை டிக்கைத் தட்டினால் தானாக அங்கே போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக ஃபிக்ஸை விடுவித்து ஸ்டேஷனில் மாட்டுங்கள். கடைசியில் அதே மூலைக்கு மூலை அளவை மறுபடி பாருங்கள். 2990 மாற்றத்தை அதற்கு அப்புறம் செய்யுங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் நகர்ந்தது என்று தெரியாது.

முடித்ததும் ஒரு சோதனை. 2100 உயரத்தை 2400 ஆக்கி ரீபில்ட் கொடுங்கள். கோணம் 11.54 ஆகி ஏற்றம் முழுக்க ஒன்றாக எழ வேண்டும், மட்டமான நான்கும் இம்மி அசையக்கூடாது. எங்காவது சிவப்பு வந்தால் ஏதோ ஒரு மாட்யூல் இன்னும் பக்கத்து வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடுங்கள். பார்த்த பிறகு 2100-க்குத் திரும்ப மாற்றிவிட்டு சேவ் செய்யுங்கள். ஒரு முறை மாற்ற மறந்து, காலையில் வந்து பார்த்தால் கட்டிங் லிஸ்ட் ஷாப்புக்குப் போயிருந்தது.